நேயர்களைத் திட்டியதால் வேலை இழந்த செய்தி வாசிப்பாளர்: இது உண்மையா?

சென்னைத் தொலைக்காட்சியின் தொடக்கக் காலத்தில் செய்தி வாசித்த பெண்மணி ஒருவர், மைக் அணைந்துவிட்டது என்று எண்ணி நேயர்களைத் திட்டிவிட்டு மறுநாளே வேலையை இழந்தார் என்றும், எழுபதுகளின் இறுதியில் திருத்துறைப்பூண்டியில் அதைத் தம் கண்ணாலேயே பார்த்ததாக உங்கள் பெரியப்பா சொல்கிறார் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெரியவரை எதிர்த்துப் பேச முடியாமல்தான் இங்கே வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எண்பதுகளில் அதே வட்டாரத்து மாடிகளில் ஏறி ஆன்டெனா கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர் அதைப் பார்த்திருக்க முடியாது.

சென்னையில் ஒளிபரப்பு தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. அங்கிருந்து திருத்துறைப்பூண்டி நேர்க்கோட்டிலேயே ஏறத்தாழ 290 கிலோமீட்டர். தொலைக்காட்சி அலை பெரும்பாலும் நேராகச் செல்வதால், பூமியின் வளைவைத் தாண்டி அவ்வளவு தொலைவுக்கு நாள்தோறும் வந்து சேராது. எங்கள் பக்கத்தில் பெட்டிக்கு உயிர் வந்தது, 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாகினி தொலைக்காட்சி தொடங்கிய பிறகுதான். இடையில் மலையோ கட்டடமோ இல்லாத கடல் என்பதால் வேதாரண்யம், முத்துப்பேட்டை, நாகப்பட்டினம் எங்கும் அது கிடைத்தது. இரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, நாற்புறமும் இழுவைக் கம்பி கட்டி, அலையின் வலுவைக் கூட்டும் பூஸ்டர் வைத்து, கீழேயிருந்து "தெரியுது, தெரியுது" என்று குரல் வரும்வரை ஆன்டெனாவைத் தென்கிழக்கே சிறிது சிறிதாகத் திருப்புவோம். அன்று எங்கள் மக்கள் பார்த்த தமிழ்ச் செய்தி கொழும்பிலிருந்து வந்தது.

சென்னையில் உறவினர் வீட்டில் பார்த்திருக்கலாமே என்று சிலர் வாதிடுவார்கள். இருக்கலாம், ஆனால் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் தங்கள் ஊரிலேயே பார்த்ததாகத்தான் சொல்கிறார்கள். நேரடி ஒளிபரப்பில் தவறே நேர்ந்ததில்லை என்றும் நான் சொல்லவில்லை. "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்ற அட்டையை அந்தத் தலைமுறையில் பார்க்காதவர் இல்லை.

இந்தக் கதை நம்முடையதும் அன்று. நியூயார்க் வானொலியில் 'அங்கிள் டான்' என்ற பெயரில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி நடத்திய டான் கார்னி, மைக் அணைந்ததாக நினைத்துக் குழந்தைகளை வைதார், அதனால் வேலை போயிற்று என்று அமெரிக்காவில் இன்றும் சொல்வார்கள். அவரோ நாற்பதுகளின் பிற்பகுதி வரை அந்நிகழ்ச்சியை நடத்தினார். 1950களில் கெர்மிட் ஷேஃபர் என்பவர் இத்தகைய தவறுகளைத் தொகுத்து ஒலித்தட்டுகளாக விற்றபோது, அசல் பதிவு கிடைக்காதவற்றை நடிகர்களைக் கொண்டு பேசவைத்துச் சேர்த்தார். அதைக் கேட்டவர்கள் உண்மையான ஒலிபரப்பையே கேட்டதாக நம்பினார்கள்.

அங்கே ஆணாக இருந்தவர் நம் பக்கம் வந்ததும் பெண்ணாகிவிட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் சித்தி மகள் வானொலியில் அறிவிப்பாளராக இருந்தவர். பெயர்களின் உச்சரிப்பைக் கேட்டுச் சரிபார்க்காமல் ஒரு நாளும் மைக் முன் உட்காராத அவரிடம், கல்யாண வீடுகளில் "நீங்களும் யாரையாவது திட்டியிருக்கிறீர்களா அக்கா?" என்றுதான் கேட்டார்கள். அவர் வாசித்ததைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அந்தச் செய்தி வாசிப்பாளரின் பெயரையோ, தேதியையோ, அன்றைய நாளிதழ்த் துணுக்கு ஒன்றையோ எவராவது காட்டினால் இந்தப் பதிலைத் திருத்திக்கொள்கிறேன்.