போனை அணைத்துப் பையில் வைத்தால் போதாதா, பள்ளியில் தடை எதற்கு?

பள்ளிப் போன் தடை என்றால், பள்ளி நேரத்தில் மாணவர் போனை எடுத்துப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி. பிரான்ஸில் 2010-லேயே வகுப்பு நேரத்தில் தடை வந்துவிட்டது. 2018-ல் போட்ட சட்டம் இடைவேளையையும் சேர்த்துக்கொண்டது. மழலையர் பள்ளி முதல் சுமார் 15 வயது மாணவர் வரை இது பொருந்தும்.

காரணம் கவனம். போன் ஒலிக்கவே வேண்டாம், பையில் இருக்கிறது, எடுத்துப் பார்க்கலாம் என்ற நினைப்பே மனதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளக்கூடும். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் காய் நறுக்கிப் பாருங்கள்: கை வெண்டைக்காயில், காது அடுப்பில். பால் பொங்காவிட்டாலும் துண்டுகள் ஒரே அளவில் விழாது. கணக்கு வகுப்பில் பிள்ளையின் நிலை அதுதான்.

இடைவேளைக்கு ஏன் என்பதுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. பத்து நிமிடத்தில் ஓடிப் பிடித்து, சண்டை போட்டு, சமாதானமாகித் திரும்பும் பிள்ளைகள், போன் கையில் இருந்தால் சுவரோரம் குனிந்து நிற்கிறார்கள். அனுமதியில்லாமல் ஒருவரைப் படமெடுத்துப் பரப்பிக் கேலி செய்வதும் பெரும்பாலும் ஆசிரியர் பார்வை இல்லாத இந்த நேரத்தில்தான்.

பிரான்ஸில் இந்த விதியை மீறினால் ஆசிரியர் போனை வாங்கி வைக்கலாம். பாடத்துக்காக ஆசிரியரே எடுக்கச் சொன்னால் தடையில்லை. உடல்நலக் காரணத்துக்காகவோ மாற்றுத்திறனுக்காகவோ கருவி தேவைப்படும் பிள்ளைக்கும் விலக்கு உண்டு.

போனைப் பள்ளிக்குக் கொண்டுவருவதே குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். 2018 சட்டம் தடுத்தது பயன்படுத்துவதைத்தான்.