மான் வேட்டைக்கு ஸ்லக்: செலவை எங்கே தொடங்குவது?

கேள்வி: மிச்சிகன் மாநிலத்தில் லான்சிங் பக்கம் இருக்கிறேன். கடையில் பழைய 12 கேஜ் பம்ப் ஷாட்கன் ஒன்று வாங்கினேன். 28 அங்குலக் குழல், உள்ளே வரி இல்லாத வழவழப்பு. குறிபார்க்க நுனியில் ஒரு சின்ன மணி மட்டும்தான். நவம்பர் 15 மான் சீசனுக்கு முன் பழகலாம் என்று 50 கஜத்தில் சுட்டுப் பார்த்தேன். ஐந்து ஸ்லக்கில் (சிறு உருண்டைகளுக்குப் பதில் ஒரே பெரிய குண்டுள்ள தோட்டா) மூன்றுதான் காகிதத்தில் விழுகிறது. கடைக்காரர் சேபட் வகை ஸ்லக் போடச் சொல்கிறார், நண்பர் துப்பாக்கியையே மாற்றச் சொல்கிறார். எதற்குச் செலவு செய்வது?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். அதிலும் சேபட் வேண்டவே வேண்டாம். சேபட் என்பது பிளாஸ்டிக் உறைக்குள் உட்காரும் சிறிய குண்டு. குழலுக்குள் சுழல்வரி இருந்தால்தான் அது சுழன்று நேராகப் போகும். வழவழப்பான குழலில் சுழற்சியே இல்லாமல் தள்ளாடிக்கொண்டு போகும். விலையோ சாதாரண ஸ்லக்கைப் போல இரண்டு மூன்று மடங்கு.

உங்கள் குழலுக்கு உரியது ஃபாஸ்டர் வகை. பெட்டியில் 'ரைஃபிள்டு ஸ்லக்' என்று போட்டிருக்கும். இந்தப் பெயரால் குழம்பி, வரிக்குழலுக்குத்தான் இது என்று நினைத்துவிடுகிறார்கள். குண்டின் மேல் இருக்கும் வரிகள் அதைச் சுழற்றுவதற்காக இல்லை. சோக், அதாவது குழலின் நுனியைக் குறுக்கும் பகுதி வழியாக நெருக்கிக்கொண்டு வெளியேற உதவுவதற்காக. தலை கனம், பின்புறம் பொள்ளல். இறகுப்பந்து மாதிரி தலையை முன்னால் வைத்தே பறக்கும்.

காசு செலவில்லாத வேலைகளை முதலில் முடியுங்கள். தோட்டாக்களை எல்லாம் எடுத்துவிட்டு, அறை காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பிறகு ஒரு கையால் துப்பாக்கியின் உடலையும் மறு கையால் குழலையும் பிடித்து மெல்ல அசையுங்கள். பெரும்பாலான பம்ப் துப்பாக்கிகளில் குழல் உடலோடு திருகப்பட்டிருக்காது. சும்மா செருகி, குழலுக்குக் கீழே தோட்டா அடுக்கும் மேகசின் குழாயின் நுனி மூடியால் பிடித்து வைத்திருப்பார்கள். அந்த மூடி தளர்ந்தால் ஒவ்வொரு வெடிக்கும் குழல் ஒரு மயிரிழை இடம் மாறும். ஒரு வருடம் என் துப்பாக்கி 50 கஜத்தில் ஒரு சாண் அகலத்துக்குச் சிதறிக்கொண்டே இருந்தது. தோட்டாவைக் குறை சொல்லி மூன்று பெட்டி மாற்றினேன். கடைசியில் பார்த்தால் மூடி அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. இறுக்கி, மூடியிலும் குழாயிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுவைத்தேன். இன்றும் ஒவ்வொரு ஐந்து குண்டுக்கும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்து சோக். முந்தைய சொந்தக்காரர் வான்கோழி வேட்டைக்குப் போட்ட இறுக்கமான சோக் இன்னும் உள்ளே இருக்கலாம். அதில் ஸ்லக் சுடவே கூடாது. நுனியை இறுக்காத சிலிண்டர் அல்லது கொஞ்சமே இறுக்கும் இம்ப்ரூவ்ட் சிலிண்டர் சோக் போதும்.

இதெல்லாம் ஆன பிறகு செலவுக்கு வரலாம். முதல் காசு குறிபார்க்கும் கருவிக்கு. உங்கள் மணி 3 மி.மீ. இருக்கும் என்று வைத்தால், கண்ணிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் அது 50 கஜத்தில் 14 செ.மீ. அகலத்தை மறைத்துவிடும். மானின் நெஞ்சில் உயிர்நிலை இருக்கும் இடமே சுமார் 20 செ.மீ.தான். கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையில் கொஞ்சம் உயர்ந்து உட்கார்ந்தாலும் குண்டு மேலே போய்விடும். துப்பாக்கி உடலில் கருவி மாட்ட ஏற்கனவே துளை போட்டிருந்தால், கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் ஒன்று பொருத்துங்கள். துளை இல்லையென்றால் ரைபிள் மாதிரி முன்குறி, பின்குறி உள்ள குட்டையான ஸ்லக் குழல் ஒன்று பழையதாகக் கிடைக்கிறதா என்று தேடுங்கள். ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 500 இரண்டுக்கும் பழைய குழல்கள் நிறையப் புழங்குகின்றன. ஆனால் மாடல், தோட்டா அறையின் நீளம் இரண்டும் உங்கள் துப்பாக்கிக்குப் பொருந்த வேண்டும்.

இரண்டாவது செலவு தோட்டா. ரெமிங்டன் ஸ்லகர், வின்செஸ்டர் சூப்பர்-எக்ஸ், ஃபெடரல் ட்ரூபால், பிரெனெக்கே என்று வகைக்கு ஒரு பெட்டி வாங்குங்கள். மணல் மூட்டை மேல் துப்பாக்கியை வைத்து, ஒவ்வொன்றிலும் மும்மூன்று சுடுங்கள். ஒரே மாடல் துப்பாக்கி இரண்டு இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே ஸ்லக் ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. எது நெருக்கமாக விழுகிறதோ அதையே சீசன் முழுவதுக்கும் வாங்கி வையுங்கள். நடுவில் குழல் ஆறட்டும். தோளுக்கு மெத்தை கட்டுங்கள், காதை மூடுங்கள். 12 கேஜ் உதைக்கும் என்று பயந்து விசையை வெடுக்கென இழுப்பவர்கள் ஏராளம். நீங்கள் பார்க்கும் சிதறலில் பாதி அதுவாகக்கூட இருக்கலாம்.

50 கஜத்தில் மூன்றும் ஓர் உள்ளங்கைக்குள் விழுந்தால் 75 கஜம் வரை நம்பிப் போகலாம். அதற்கு மேல் வேண்டாம். ஃபாஸ்டர் ஸ்லக் சீக்கிரம் வேகம் இழக்கும். 50 கஜத்துக்குச் சரிசெய்தது 100 கஜத்தில் ஏறத்தாழ 5, 6 அங்குலம் கீழே விழும். அந்த அளவு தவறினால் மான் உடனே சாகாது. கால் உடைந்து காட்டுக்குள் ஓடி, யார் கண்ணிலும் படாமல் வலியில் கிடக்கும். நூறு கஜத்தில் சுட்டே ஆக வேண்டிய இடம் என்றால், ஸ்கோப் மாட்டும் தட்டு குழலோடு சேர்ந்திருக்கும் வரிக்குழல் ஒன்று வாங்குங்கள். குழல் அசைந்தாலும் ஸ்கோப்பும் அதோடு சேர்ந்தே அசையும். கடைக்காரர் சொன்ன சேபட்டுக்கு அப்போது வேலை உண்டு.

கேள்வி: சோக் மாதிரி குழல் நுனியில் திருகும் வரிபோட்ட குட்டிக் குழாய் விற்கிறார்களே, அது போதாதா?

பதில்: மலிவான வழிதான், சில துப்பாக்கிகளில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் குண்டுக்குச் சுழற்சி கிடைப்பது கடைசி இரண்டு மூன்று அங்குலத்தில் மட்டும். முழு வரிக்குழலுக்கு ஈடாக எதிர்பார்க்காதீர்கள். திருப்பித் தர முடியுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: நான் H-1B விசாவில் இருக்கிறேன். வேட்டைக்குத் துப்பாக்கி வாங்கலாமா?

பதில்: தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று, ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய வேட்டை உரிமம் உங்களிடம் இருப்பது. எனவே பாதுகாப்புப் பயிற்சி, உரிமம், அப்புறம்தான் கடை. உரிமம் காலாவதியானால் அந்த விலக்கும் போய்விடும். மிச்சிகன் உரிமம் மறு ஆண்டு மார்ச் 31-உடன் முடிகிறது. துப்பாக்கி அலமாரியில் இருக்கும் வரை புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். மாநில விதிகள் இதற்கு மேல் தனியாக உண்டு. பணம் கட்டும் முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.