தம்பி ஏன் முதலில் விழுகிறான்?

கேள்வி: நானும் தம்பியும் மூன்று நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டு) ஆடுகிறோம், 2014 விதிப்படி. நான் நான்காம் லெவல் பார்பேரியன், அதாவது வெறிகொண்டு சண்டை போடுகிறவன்; அதில் பெர்சர்க்கர் என்ற வழி. கோடாலி வீசி வீசி அலுத்துவிட்டது. ஐந்தாம் லெவலில் வேறொரு கிளாஸ் (பாத்திரத்தின் தொழில்) சேர்த்து மல்டிகிளாஸ் ஆக ஆசை. விஸார்டா (மந்திரவாதி), ட்ரூயிடா (இயற்கை மந்திரவாதி), மங்க்கா (துறவி வீரன்)? யாரும் எடுக்காத சேர்க்கையாக இருக்க வேண்டும். என் திறன் எண்கள்: டெக்ஸ்டரிட்டி 14, இன்டெலிஜென்ஸ் 13, விஸ்டம் 10. கோவை ஹாஸ்டலிலிருந்து வரும் தம்பிதான் கிளெரிக், காயம் ஆற்றுகிற பூசாரி. வேறு யாரும் எடுக்கவில்லை என்று அவன் எடுத்துக்கொண்டான். ஒவ்வொரு சண்டையிலும் அவன்தான் முதலில் விழுவான், அது எங்களுக்குள் ஒரு ஜோக்.
– 26 வயது வாசகர், கோத்தகிரி

பதில்: யாருக்கு ஜோக்?

அலுத்துவிட்டது, வேறு ஏதாவது வேண்டும் என்று எனக்கு வரும் கடிதங்களுக்குக் கணக்கே இல்லை. வேலை அலுத்தவர், படிப்பு அலுத்தவர், கல்யாணம் அலுத்தவர். எல்லாக் கடிதத்திலும் கடைசி வரிக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார், எழுதியவர் கண்ணில் படாமல். உங்கள் கடிதத்தில் அது உங்கள் தம்பி.

முதலில் கேட்டதற்குப் பதில். ட்ரூயிடும் மங்க்கும் உங்களுக்குக் கிடையாது. மல்டிகிளாஸ் ஆக வேண்டுமென்றால் பழைய கிளாஸ், புது கிளாஸ் இரண்டும் கேட்கிற திறன்களில் 13 இருக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் விஸ்டம் 13 வேண்டும், உங்களிடம் 10. மீதி விஸார்ட். இன்டெலிஜென்ஸ் 13 இருப்பதால் விதி தடுக்காது. ஆனால் ரேஜில், அதாவது பார்பேரியனின் சண்டை வெறியில், இருக்கும்போது மந்திரம் போட முடியாது. ஏற்கெனவே போட்ட மந்திரம் நீடிக்கத் தேவையான கவனத்தையும் (கான்சன்ட்ரேஷன்) பிடித்துவைக்க முடியாது. வெறி ஏறினால் புத்தகத்தை மூடிவைக்க வேண்டும், புத்தகத்தைத் திறந்தால் வெறி கூடாது. துணை விலங்கை அழைக்கும் ஃபைண்ட் ஃபெமிலியர் மந்திரம் மட்டும் பரவாயில்லை. சண்டைக்கு முன்பே ஒரு ஆந்தையை வரவழைத்துக்கொண்டால் ரேஜிலும் அது கூடவே இருக்கும், நீங்கள் அடிக்கும்போது உதவி அட்வான்டேஜ் (பகடையை இருமுறை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) வாங்கித் தரும். அந்த அட்வான்டேஜ் இரண்டாம் லெவலிலிருந்தே ரெக்லெஸ் அட்டாக்கில் உங்களிடம் இருக்கிறதே! அதையே வாங்க ஒரு லெவலைச் செலவழிப்பதா?

அதற்காக இழப்பது பெரிது. ஐந்தாவது பார்பேரியன் லெவலில் எக்ஸ்ட்ரா அட்டாக் வருகிறது. ஒரு முறை அடித்த இடத்தில் இரண்டு முறை அடிக்கலாம். பார்பேரியன் லெவலுக்குச் சராசரி 7 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி), விஸார்ட் லெவலுக்கு 4. கணக்கு அவ்வளவுதான்.

இப்போது தம்பி விஷயம். ஹிட் பாயிண்டுக்கு உருட்டும் பகடையில் ஆட்டத்திலேயே பெரியது, பன்னிரண்டு முகமுள்ள டி12, உங்களுடையது. அவனுடையது டி8. ரேஜில் உங்கள் மேல் விழும் வெட்டும் குத்தும் அடியும் பாதியாகக் குறைகிறது, அவனுக்கு ஒன்றும் குறையாது. அப்படியிருந்தும் அவன் முதலில் விழுகிறான் என்றால் எதிரி உங்களைத் தாண்டி அவனிடம் போகிறான். போகும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? எனக்குத் தெரியும். எவனையோ துரத்திக்கொண்டு கோடாலியோடு நாலு கட்டம் தள்ளி ஓடிக்கொண்டிருந்தீர்கள்.

விழுந்த பிறகு அவன் என்ன செய்கிறான் என்று பார்த்திருக்கிறீர்களா? தன் முறை வரும்போதெல்லாம் டி20-ஐ எடுத்து உருட்டுகிறான். 10-க்குக் கீழே வந்தால் ஒரு தோல்வி, மூன்று தோல்வி என்றால் ஆள் போய்விட்டான். உங்கள் எல்லோரையும் எழுப்பிவிட வேண்டியவனே அவன்தான், அவனை எழுப்ப மேசையில் இன்னொரு கிளெரிக் இல்லை. கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வந்து, அங்கிருந்து மலையேறி, ஈர ஸ்வெட்டரோடு உட்காருகிற பிள்ளை அந்தப் பகடையை உருட்டும்போது நீங்கள் நான்கு பேரும் சிரிக்கிறீர்கள்.

நான் குன்னூரில் வளர்ந்தவள். டியூஷன் முடிந்து வரும்போது தேயிலைத் தோட்டத்துப் பாதை இருட்டியிருக்கும். வளைவில் காட்டெருமை நிற்குமோ என்று பயம். அக்கா டார்ச்சை வாங்கிக்கொண்டு, என் கையைப் பின்னால் இழுத்துத் தன் பாவாடையைப் பிடிக்கச் சொல்லுவாள். அவளுக்கும் பதிமூன்று வயதுதான், அவள் கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் முன்னால் நடந்தாள். மூத்தவள் என்றால் முன்னால் நடக்க வேண்டும், எங்கள் வீட்டில் அதில் பேச்சே கிடையாது. கோத்தகிரிப் பாதையில் நீங்களும் தம்பியை முன்னால் விட மாட்டீர்கள். மேசை மேல் மட்டும் ஏன் விட்டீர்கள்? விளையாட்டுதானே என்று சொல்லாதீர்கள். யாரும் தொடாத கிளாஸை அவன் எடுத்துக்கொண்டதும் விளையாட்டில்தான்.

அலுப்பு உண்மை, அதை நான் மறுக்கவில்லை. அதற்கு வழி பார்பேரியனுக்குள்ளேயே இருக்கிறது. 2017-ல் வந்த துணை விதி நூலில் ஆன்செஸ்ட்ரல் கார்டியன் என்றொரு வழி உண்டு. ரேஜில் உங்கள் முறையில் முதலில் யாரை அடிக்கிறீர்களோ அவனை உங்கள் முன்னோர்களின் ஆவிகள் சூழ்ந்துகொள்ளும். உங்கள் அடுத்த முறை வரை, உங்களைத் தவிர வேறு யாரை அவன் தாக்கினாலும் டிஸ்அட்வான்டேஜ், தப்பித்தவறிப் பட்டாலும் சேதம் பாதி. ஆறாம் லெவலில் இன்னொன்று: 30 அடி தூரத்துக்குள் தம்பிக்கு அடி விழும்போது உங்கள் ரியாக்ஷனை (அடுத்தவர் முறையில் செய்யும் பதில் செயல்) செலவழித்து அதில் 2டி6, அதாவது இரண்டு ஆறுமுகப் பகடையின் கூட்டல், குறைக்கலாம். இடையில் விஸார்டுக்குத் தாவினால் அந்த ஆறாம் லெவல் தள்ளிப் போகும். அதைவிட பெர்சர்க்கர் ஃப்ரென்ஸியில் உங்களுக்கு என்ன கிடைக்கிறது? ஒவ்வொரு முறை அந்த வெறி இறங்கும்போதும் ஒரு படி களைப்பு.

நடுவில் வழியை மாற்ற அடிப்படை விதி நூல் இடம் தராது, ஆட்டத்தை நடத்தும் டிஎம் மனசு வைத்தால் உண்டு. அவரிடம் கேளுங்கள், காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். முன்னோர் யார் என்று அவர் கேட்டால் உங்கள் தாத்தா பாட்டி பெயரையே வையுங்கள். தம்பிக்கும் அவர்கள்தானே தாத்தா பாட்டி.

அதற்கு முன்னால் ஒரு வேலை. வரும் ஞாயிறு பஸ் ஸ்டாண்டுக்கு நீங்களே போங்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது, கிளெரிக்கை இன்னொருவர் எடுத்திருந்தால் நீ என்னவாக ஆடியிருப்பாய் என்று அவனிடம் கேளுங்கள். அவன் சொல்வதை எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்கு மல்டிகிளாஸ் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பதில் எழுதுகிறேன்.