மெக்ரெயினும் சர்க்கரையும் – கடிதம்

வணக்கம் சார்,

ஸ்காட்லாந்தின் செல்டிக் கால்பந்து அணி பற்றிய உங்கள் கட்டுரையில் டேனி மெக்ரெயினை ‘சர்க்கரை நோயோடு ஆடிய தடுப்பாட்டக்காரர்’ என்று அரை வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். என் மகனுக்குப் பதினான்கு வயது. பள்ளி அணியில் ரைட் பேக், அதாவது வலது பக்கத் தடுப்பாட்டக்காரன். போன மாதம் அவனுக்கு டைப் 1 சர்க்கரை என்று தெரியவந்தது. இனிமேல் பந்தைத் தொடவே கூடாது என்கிறார்கள் வீட்டில் பெரியவர்கள். மெக்ரெயினுக்கு எப்போது அந்த நோய் வந்தது? அதற்கு அப்புறம் எத்தனை வருடம் ஆடினார்? அவருடைய ஆட்டத்தை அது எவ்வளவு கெடுத்தது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

அரை வரியில் கடந்து போனது என் தப்புதான். நீங்கள் கேட்ட கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். நோய் தெரிந்தது 1974இல், அவருடைய 24வது வயதில். செல்டிக்கை விட்டு வெளியேறியது 1987இல். நடுவில் 13 வருடம். செல்டிக்குக்காக அவர் ஆடிய 650க்கும் மேற்பட்ட ஆட்டங்களிலும், ஸ்காட்லாந்துக்காக ஆடிய 62 ஆட்டங்களிலும் பெரும்பகுதி இன்சுலின் போட்டுக்கொண்டு ஆடியவைதான்.

1974 உலகக் கோப்பை மேற்கு ஜெர்மனியில் நடந்தது. ஸ்காட்லாந்து ஜயீரை 2-0 என்று வென்றது, பிரேசிலோடு 0-0, யூகோஸ்லாவியாவோடு 1-1. ஒரு ஆட்டத்திலும் தோற்காமல், கோல் வித்தியாசத்தில் வீடு திரும்பியது. மூன்று ஆட்டத்திலும் மெக்ரெயின் இருந்தார், அதுவும் லெஃப்ட் பேக்காக. வலது பக்கம், செல்டிக்கின் உள்ளூர்ப் பரம எதிரியான ரேஞ்சர்ஸின் சாண்டி ஜார்டின் இருந்ததால் இவரை இடது பக்கம் தள்ளிவிட்டார்கள். அந்த நாட்களில்தான் தீராத தாகமும் உடல் மெலிவும். நம் வீட்டுப் பாட்டியாக இருந்தால் ‘முதல்ல சுகர் பாருடா’ என்றிருப்பாள். ஊர் திரும்பிய பிறகுதான் பரிசோதனையில் விஷயம் தெரிந்தது.

இனி நீங்கள் வீட்டில் காட்ட வேண்டிய தேதி. 1974 அக்டோபர் 26, லீக் கோப்பை இறுதி ஆட்டம். செல்டிக் 6, ஹிபர்னியன் 3. ரைட் பேக்: மெக்ரெயின். நோய் தெரிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. விரல் நுனியில் குத்தி வீட்டிலேயே ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி அன்று நோயாளிகள் கையில் கிடையாது. சிறுநீரைச் சோதித்துக் குத்துமதிப்பாகக் கணக்குப் போட வேண்டும். உங்கள் மகன் கையில் சென்சார் ஒட்டிக்கொண்டு போனில் பார்க்கலாம். எவ்வளவு இன்சுலின், ஆட்டத்துக்கு முன்னால் என்ன சாப்பாடு என்பதையெல்லாம் அவனுடைய டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும், பயிற்சியாளரிடம் விஷயத்தை மறைக்காதீர்கள். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். மெக்ரெயினிடமிருந்து ஆட்டத்தைப் பிடுங்கியது சர்க்கரை இல்லை, கால். 1972இல் ஃபால்கர்க் அணியோடு ஆடியபோது ஒரு மோதலில் மண்டையோடு உடைந்தது. அதிலிருந்தும் மீண்டு வந்தவர். 1977 ஆகஸ்டில் செல்டிக் கேப்டன் கென்னி டால்கிலிஷ் லிவர்பூலுக்குப் போக, கேப்டன் பொறுப்பு இவருக்கு வந்தது. அக்டோபரில் ஹிபர்னியனோடு நடந்த ஆட்டத்தில் காலில் அடி. சாதாரணமாகத் தெரிந்த அடி. ஆனால் ஏறக்குறைய ஒன்றரை வருடம் வெளியே உட்கார வைத்துவிட்டது. அப்போது அவர் உலகத்தின் சிறந்த ரைட் பேக்குகளில் ஒருவர். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

அதனால் 1978 அர்ஜென்டினா உலகக் கோப்பை போயிற்று. பெருவோடு முதல் ஆட்டத்தில் ஸ்காட்லாந்து 3-1 என்று தோற்றது. எல்லோருக்கும் நினைவிருப்பது குபியாஸின் இரண்டு கோல்கள். எனக்கு அந்த ஆட்டம் முழுக்க பெருவின் இடது ஓரத்தில் ஒப்லிடாஸ் ஓடிய ஓட்டம்தான். அவர் ஓடியது மெக்ரெயின் நின்றிருக்க வேண்டிய இடத்தில். மெக்ரெயின் இருந்திருந்தால் ஜெயித்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒப்லிடாஸ் அவ்வளவு சுலபமாக ஓடியிருக்க முடியாது.

1979 வசந்தத்தில் திரும்பினார். மே 21, எதிரே ரேஞ்சர்ஸ். ஜெயித்தால் லீக் செல்டிக்குக்கு. ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது ஜானி டாய்ல் வெளியேற்றப்பட்டார். பத்துப் பேராக ஆடி 4-2 என்று வென்றார்கள். கேப்டன் மெக்ரெயின். இதில் வேடிக்கை, சிறுவயதில் அவர் ரேஞ்சர்ஸ் ரசிகர். டேனியல் ஃபெர்கஸ் மெக்ரெயின் என்ற பெயரைக் கேட்டுக் கத்தோலிக்கப் பையன் என்று முடிவு கட்டி ரேஞ்சர்ஸ் ஆட்கள் விட்டுவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அவர் புராட்டஸ்டண்ட். கத்தோலிக்கரைச் சேர்ப்பதில்லை என்பது அந்தக் காலத்து ரேஞ்சர்ஸின் கொள்கை என்பதால் கிளாஸ்கோவில் யாருக்கும் இதை நம்புவதில் சிரமம் இல்லை.

1982 உலகக் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிராக ஸ்காட்லாந்தின் கேப்டனாக இறங்கியபோது அவருக்கு 32 வயது. சர்க்கரை வந்து எட்டு வருடம்.

வீட்டுப் பெரியவர்களுக்கு மெக்ரெயின் பழைய கதையாகத் தோன்றினால் 2024 வரை ரியல் மாட்ரிட்டில் ஆடிய தடுப்பாட்டக்காரர் நாச்சோவைச் சொல்லுங்கள். பன்னிரண்டு வயதில் டைப் 1. சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள் ஆறு.

மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். தேசிய அணிக்காக ஆடிய அந்த 62 ஆட்டத்தில் மெக்ரெயின் ஒரு கோல் கூட அடிக்கவில்லை. ரைட் பேக் என்றால் சிரிப்பான்.