முயலைப் பட்டினி போட்டுக் கூட்டிப் போகாதீர்கள்

மே மாதம் மதுரையிலிருந்து பெங்களூருவுக்குக் காரில் குடிபெயரும்போது, வழியில் வாந்தி எடுக்காமல் இருக்க முயலைப் பட்டினி போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. வயிறு சில மணி நேரம் காலியாகக் கிடந்தால் குடல் மந்தமாகி, நின்றும் போகலாம். அது உயிருக்கே ஆபத்து. கூண்டு நிறைய காய்ந்த புல் போடுங்கள். குலுங்கும் வண்டியில் பெரும்பாலும் தண்ணீர் குடிக்காது, அதனால் கழுவிய ஈரத்தோடு கொத்தமல்லித்தழை கொடுங்கள். என் முயல் கரூர் தாண்டும்வரை மூலையில் ஒடுங்கியே கிடந்தது. தழையை நீட்டிய பிறகுதான் மீசை அசைந்தது.

புல்லை விடப் பெரிய கவலை வெயில். விடியற்காலை 4 மணிக்கே கிளம்பிவிடுங்கள். உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். சாப்பிட நிறுத்தினாலும் பூட்டிய காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். காது சுட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் காதுகளைத் தண்ணீரால் நனைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

கூண்டை இப்போதே வீட்டில் திறந்து வையுங்கள், தானாக உள்ளே போய்ப் பழகட்டும். அப்புறம், பழைய விரிப்பைத் துவைக்காமல் அப்படியே எடுத்துப் போங்கள். புது வீட்டில் அந்த வாசனைதான் அதற்குத் தைரியம். போய்ச் சேர்ந்ததும் புழுக்கை போடுகிறதா என்று கவனியுங்கள். பன்னிரண்டு மணி நேரம் போடவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம்.