வாட்ஸ்ஆப்பில் அடுத்தவர் எழுத்துப்பிழையைத் திருத்தலாமா?

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் யார் எதை எழுதினாலும் என் மச்சான் எழுத்துப்பிழை, சந்திப்பிழை என்று திருத்திக்கொண்டே இருக்கிறார். கேட்டால், "இப்படியே விட்டால் தமிழ் அழிந்துவிடும்" என்கிறார். அவர் செய்வது சரியா? தப்பு என்றால் அவரிடம் எப்படிச் சொல்வது?

பதில்: பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கோயில் கொடை (எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா) நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பள்ளிக்கூட ஆண்டு மலர் என்று எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போகும். ரகரமும் றகரமும் இடம் மாறிக் கிடந்தால் எனக்கு உறுத்தும். சுவரில் "சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மனசு அதைச் "சுவரில்" என்று மாற்றிப் படித்துக்கொள்ளும். அதனால் உங்கள் மச்சானின் எரிச்சல் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனாலும் அவர் செய்வது தப்பு. சும்மா பேசிக்கொண்டிருக்கும் இடத்தில், கேட்காத ஒருவரை, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் பார்க்கத் திருத்தினால் அவருடைய தமிழ் திருந்தாது. அவர் தமிழில் எழுதுவதுதான் நின்றுபோகும்.

எங்கள் குடும்பத்திலேயே இது நடந்தது. பெரியம்மாவுக்கு முக்கூடல் பக்கம். சின்ன வயசிலேயே பீடித் தட்டு மடிக்கு வந்துவிட்டதால் பள்ளிக்கூடம் கிடையாது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இந்தப் பக்கம் நடந்தபோது, ராத்திரி வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். பஸ்ஸில் ஊர்ப் பெயரைப் படித்து ஏறுவார், ரேஷன் கார்டில் கையெழுத்துப் போடுவார். அதற்கு மேல் எழுத அவருக்கு வேலையே வரவில்லை. பேரன் ஒரு போன் வாங்கிக் கொடுத்த பிறகுதான், இத்தனை வருஷம் கழித்து, தான் நினைத்ததைத் தானே எழுதி அடுத்தவருக்கு அனுப்ப முடிந்தது.

சொந்தத்தில் ஒரு தாத்தா தவறியபோது குழுவில் பெரியம்மா எழுதினார்: "ஆழ்ந்த இறங்கல். மாமா மாதிரி நல்லவுக கிடையாது." சென்னையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் உடனே ஒரு நட்சத்திரக் குறி போட்டு "இரங்கல்" என்று திருத்தினான். இறங்குவது பஸ்ஸை விட்டு, இரங்குவது மனசு என்று கீழே விளக்கம் வேறு. அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆனால் சாவு வீட்டுச் செய்திக்கு அடியில் பாடம் நடந்தது. பெரியம்மாவின் துக்கத்துக்கு ஒருவரும் பதில் எழுதவில்லை.

அதற்கப்புறம் அவர் குழுவில் எழுதுவதில்லை. குரல் பதிவு மட்டும்தான் வருகிறது. ஏன் என்று கேட்டேன். "எழுதுனாத்தான தப்பு சொல்லுதான். பேசிட்டுப் போயிருதேன்" என்றார். எழுபதை நெருங்கும் ஒருவர் தமிழ் எழுதுவதை விட்டுவிட்டார். இதில் தமிழுக்கு என்ன லாபம் வந்தது என்று அந்தத் தம்பியிடமே கேட்டேன், அவனிடம் பதில் இல்லை. இளசுகள் விஷயத்தில் இது இன்னும் மோசம். ஒருமுறை கேலிக்கு ஆளான பிள்ளை அப்படியே ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்ட ஆரம்பித்துவிடும். அதில் ரகரம் றகரம் வம்பே கிடையாது, யாரும் குறை சொல்ல முடியாது. தமிழ் எழுத்து கையை விட்டுப் போவது இப்படித்தான்.

இன்னொன்று, நாம் பார்க்கும் பிழைகளில் பாதி, எழுதியவரின் அறியாமையே கிடையாது. பெரும்பாலானவர்கள் போனில் ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித்தான் தமிழை வரவழைக்கிறார்கள். ர, ற இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து. ந, ன, ண மூன்றுக்கும் ஒரே எழுத்து. மேலே வரும் சொற்களில் முதலில் இருப்பதைத் தொட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறார்கள். நான் அச்சகத்தில் தமிழ்99 விசைப்பலகையில் அடிக்கிறேன். அதில் இந்த எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனி விசை, தெரிந்துதான் அமுக்க வேண்டும். அந்த வசதி அடுப்படியில் நின்றுகொண்டு ஒற்றை விரலால் தட்டும் அத்தைக்குக் கிடையாது. அப்புறம் பேச்சு. தென்மாவட்டங்களில் பலர் வாயில் ழகரம் ளகரமாகத்தான் வரும். வாளப்பளம் என்று சொல்லிப் பழகிய காது எழுதும்போதும் அதைத்தான் கேட்கும்.

பேச்சு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. "சித்தப்பா வந்திருக்காவ", "நான் அப்பவே சொல்லுதேன்லா", "அவன் என்னத்தையோ கேக்கான்" என்று எழுதினால் அதையும் "வந்திருக்கிறார்கள், சொல்லுகிறேன், கேட்கிறான்" என்று திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அது பிழையே இல்லை, எங்கள் ஊர்ப் பேச்சு. அதற்கும் ஒழுங்கு இருக்கிறது. எந்த வினைக்குச் "சொல்லுதான்" மாதிரி வரும், எதற்குக் "கேக்கான்" மாதிரி வரும் என்பது மூன்று வயசுப் பிள்ளைக்குக்கூட இங்கே தவறாது. சொந்தக்காரரோடு பேசும்போது மேடைத் தமிழில் எழுதச் சொல்வது, அவரை வீட்டுக்குள் செருப்போடு நடக்கச் சொல்வது மாதிரி.

திருத்துகிறவர்கள் உறுதியாகச் சொல்லும் பல விஷயங்கள் அவ்வளவு உறுதியானவையும் இல்லை. வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்ற சண்டை எனக்குத் தெரிந்து ஓய்ந்ததே இல்லை. "கள்" என்பது விகுதி, அதனால் வல்லினம் மிகாது என்பது ஒரு கட்சி. எத்தனையோ காலமாக எழுத்துக்கள், வாழ்த்துக்கள் என்று அச்சாகி வந்திருக்கிறதே என்பது இன்னொரு கட்சி. நான் அச்சகத்தில் வாழ்த்துகள் என்றுதான் போடுவேன். ஆனால் பிறந்தநாளுக்கு யாராவது "வாழ்த்துக்கள்" என்று அனுப்பினால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வேன். கோயில், கோவில் இரண்டும் வழக்கில் உள்ளவை. தொல்காப்பியத்தில் கறுப்பு என்றுதான் இருக்கிறது, இன்றைக்குக் கருப்பு என்றும் நிறையப் பேர் எழுதுகிறார்கள். எழுத்தின் வடிவமே நம் கண்முன்னால் மாறியிருக்கிறது. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொள்ளும்வரை லை, னை போன்றவற்றை யானைத் துதிக்கை மாதிரி மேலே சுழித்துத்தான் எழுதினார்கள். அதற்கு முன்னால் படித்த பெரியவர்கள் சிலர் இன்றைக்கும் அச்சடிக்க வேண்டிய மேட்டரைக் கையால் எழுதி அப்படியே கொண்டுவருவார்கள். எங்கள் டிடிபி பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி தப்பா எழுதியிருக்காவ" என்றான். அவர் எழுதியது அவர் படித்த காலத்தில் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்த எழுத்து.

உங்கள் மச்சான் இலக்கணம் பேசுகிறவர் என்றால் நன்னூலையே அவருக்குக் காட்டலாம். சொல்லதிகாரத்தில் பொதுவியல் என்று ஒரு பகுதி. அதில் வழு, அதாவது பிழை, எது என்று சொல்வதோடு நன்னூலை எழுதிய பவணந்தியார் நிறுத்தவில்லை, வழுவமைதி, அதாவது பிழையானாலும் ஏற்றுக்கொள்ளத்தக்கது, எது என்றும் சொல்கிறார். "உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே" என்பது நூற்பா. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு இவற்றால் பாலோ திணையோ மாறி வந்தாலும் அது இயல்புதான் என்று அர்த்தம். பசுவைப் பார்த்து ஒருவர் ஆசையாக "என் அம்மை வந்தாள்" என்றால் கணக்குப்படி அது மாட்டை மனுஷியாகச் சொன்ன திணை வழு. ஆனால் உவப்பில் சொன்னது என்பதால் இலக்கணம் அதை ஏற்றுக்கொள்கிறது. இது எழுத்துப்பிழைக்குச் சொன்ன விதி இல்லை, அப்படி நான் இழுக்கவும் மாட்டேன். ஆனால் பேசுகிறவர் என்ன மனநிலையில் பேசினார் என்று பார்த்த பிறகே தப்பா சரியா என்று முடிவு செய்யும் பழக்கம் நம் இலக்கணக்காரர்களிடம் இருந்திருக்கிறது. நெல்லை என்ற ஊர்ப் பெயரே திருநெல்வேலியின் மரூஉதான், பேச்சில் சுருங்கி மாறிய வடிவம். மரூஉவை இயல்பு வழக்கில் சேர்த்ததும் அதே நன்னூல்தான்.

சரி, எதையுமே திருத்தக் கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. அச்சுக்குப் போகும் எதையும் ஈவு இரக்கமில்லாமல் திருத்த வேண்டும். பத்திரிகை டிசைனைக் குழுவில் போட்டு "எல்லாரும் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டால் அப்போது வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் தப்பு. பெயர், இன்ஷியல், தேதி, கிழமை, முகூர்த்த நேரம், மண்டபத்துக்கு வழி என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். தேதிக்கும் கிழமைக்கும் பொருந்தாமல் வரும் மேட்டர் நிறைய. பிளேட் போட்ட பிறகு கண்டுபிடித்தால் காசு போச்சு, விநியோகித்த பிறகு கண்டுபிடித்தால் மானம் போச்சு. குழுவில் வரும் தகவலில் ஆள் அலையும்படி பிழை இருந்தாலும் உடனே சொல்லலாம். காரியம் வியாழன் என்பதை வெள்ளி என்று போட்டிருந்தால் அங்கே மரியாதை பார்க்கக் கூடாது. மாத்திரைப் பெயர் தப்பாக வந்தாலும் அப்படித்தான்.

மற்ற நேரத்தில் நான் செய்வது ஒன்றுதான். அந்தச் சொல்லை என் பதிலில் சரியாக எழுதிவிடுவேன். தாராவியில் பிறந்து வளர்ந்த அண்ணன் மகள், வீட்டில் அம்மாவிடம் மட்டும் தமிழ் எழுத்துப் படித்தவள், "அத்தை நான் வெல்லிகிழமை வாரேன்" என்று அனுப்பினாள். "வெள்ளிக்கிழமை எந்த ரயிலுக்கு வாற? ஜங்ஷனுக்கு மாமா வருவாவ" என்று எழுதினேன். அடுத்த செய்தியில் "வெள்ளிக்கிழமை காலைல வந்துருவேன்" என்று வந்தது. ஒவ்வொரு முறையும் இப்படிப் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். பலிக்காவிட்டாலும் அவள் அடுத்த செய்தியைத் தமிழில்தான் எழுதுவாள். எழுத்து கண் வழியாகத்தான் மனசில் படியும், சரியான வடிவம் கண்ணில் படப் பட அது கைக்கு வரும். கண்டிப்பாகச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் தனியாக, அவருக்கு மட்டும் அனுப்புங்கள். அதுவும் அவர் வருத்தத்திலோ கோபத்திலோ இருக்கும்போது வேண்டாம்.

உங்கள் மச்சானிடம் இதையெல்லாம் குழுவில் வைத்துச் சொல்லாதீர்கள், அவரையும் அதே மாதிரி பத்துப் பேர் முன்னால் நிறுத்தியதாக ஆகிவிடும். அவருக்குத் தமிழ் மேல் உள்ள பிடிப்பு உண்மையானது, அதற்கு ஒரு வேலை கொடுங்கள். உங்கள் ஊரில் கொடை நோட்டீஸ் யார் பார்க்கிறார்கள் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் ஒருவரும் பார்ப்பதில்லை, எழுதிக்கொண்டு வந்த தாள் அப்படியே எங்களிடம் வந்து சேரும். நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கும். சுடலைமுத்து சுடலமுத்து ஆகியிருக்கும், அண்ணன் இன்ஷியல் தம்பிக்குப் போயிருக்கும், வரி கொடுத்தவர் ஒருவர் பெயரே விட்டுப் போயிருக்கும், அதற்கு ஊரில் சண்டையே வரும். யாருக்கு எந்த இன்ஷியல் என்று அச்சகத்தில் இருக்கும் எனக்குத் தெரியாது, ஊர்க்காரரான அவருக்குத் தெரியும். அடுத்த கொடைக்கு மேட்டர் எங்களிடம் வருவதற்கு முன்னால் சிவப்புப் பேனாவோடு அவர் கையில் கொடுத்துவிடுங்கள், இரண்டு நாள் அவகாசமும் கொடுங்கள்.