நிவாரணச் செயலியை நீக்கிவிட்டால் போதுமா?

கேள்வி: நாங்கள் பாம்பனில் வசிக்கிறோம். என் தந்தை விசைப்படகில் கடல் தொழிலுக்குச் செல்பவர். மீன்பிடித் தடைக்காலத்தில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ‘மீனவர் நிவாரணம்’ என்ற பெயரில் வந்த கோப்பைத் திறந்து, அது கேட்ட விவரங்களையெல்லாம் நிரப்பிவிட்டார். மறுநாள் எனக்குத் தெரிந்ததும் அந்தச் செயலியை நீக்கிவிட்டேன். ஓடிபி எதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை, பணமும் போகவில்லை. ஆபத்து நீங்கிவிட்டதா?

பதில்: நீங்கிவிட்டதாகக் கருத வேண்டாம். முதல் வேலையாக அந்தக் கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, சிம்மைக் கழற்றி ஒரு சாதாரண பட்டன் போனில் போடுங்கள். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகள் இனி அதில்தான் வர வேண்டும். அடுத்து, பாஸ்புக்கிலோ ஏடிஎம் அட்டையின் பின்புறத்திலோ அச்சிட்டிருக்கும் எண்ணை அழைத்து, அட்டை, யுபிஐ, இணைய வங்கிச் சேவை மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். கூகுளில் தேடி எடுக்கும் எண் வேண்டாம். வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் மோசடிக்காரர்கள் தங்கள் எண்களையே அங்கே உலவவிடுகிறார்கள்.

ஓடிபியைச் சொல்லவில்லை என்பதால் நீங்கள் நிம்மதி அடைந்திருக்கிறீர்கள். இந்த வகை மோசடியில் அதை யாரும் கேட்பதே இல்லை. ஏபிகே என்று முடியும் அந்தக் கோப்பு, பிளே ஸ்டோரின் சோதனைக்கு உட்படாமல் நேரே கைபேசியில் ஏறும் செயலி. ஏறியவுடன் குறுஞ்செய்திகளைப் படிக்கவும் அனுப்பவும் அனுமதி கேட்கும். நிவாரணம் கிடைக்க வேண்டுமே என்ற அவசரத்தில் இருப்பவர் ‘அலோ’ என்பதை அழுத்திவிட்டால், அதன் பிறகு வரும் ஒவ்வொரு ஓடிபியும் அந்த நொடியிலேயே வேறொருவருக்குப் போய்ச் சேரும். யுபிஐ செயலியை ஒரு புதிய கைபேசியில் பதிவு செய்யும்போது, அந்த எண்ணின் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போனால்தான் வங்கி அதை ஏற்கும். குறுஞ்செய்தி அனுப்பும் அனுமதி பெற்ற செயலி, அதையும் தந்தையாரின் எண்ணிலிருந்தே அனுப்பிவிட முடியும். மீதம் வேண்டியவை ஏடிஎம் அட்டையின் கடைசி ஆறு இலக்கங்களும் காலாவதி மாதமும் ஆண்டும். யுபிஐ பின்னைப் புதிதாக அமைக்க அவை போதும். அவர் நிரப்பிய படிவம் இவற்றைக் கேட்டதா என்று பொறுமையாக விசாரியுங்கள். கேட்டிருந்தால், பழைய அட்டையைத் திரும்ப இயக்காமல் புதிய அட்டையே வாங்க வேண்டும். ஆதார் எண்ணையும் கொடுத்திருந்தால், ஆதார் இணையதளத்தில் கைரேகைப் பயன்பாட்டைப் பூட்டி வைப்பது நல்லது.

நீங்கள் நீக்கியது கண்ணுக்குத் தெரிந்த செயலியை மட்டுமே. இத்தகைய கோப்புகள் பல, உள்ளே நுழைந்ததும் இன்னொரு செயலியைச் சத்தமில்லாமல் நிறுவி, அதன் படக்குறியையும் மறைத்துவிடுகின்றன. ஆகவே அந்தக் கைபேசியை ஃபேக்டரி ரீசெட் செய்வதே, அதாவது உள்ளிருப்பதை முழுவதும் அழித்துப் புதிதுபோல் ஆக்குவதே பாதுகாப்பு. அதற்கு முன் படங்களையும் தொடர்பு எண்களையும் மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செயலிகளைப் பழைய பேக்கப்பிலிருந்து மீட்காமல், பிளே ஸ்டோரிலிருந்து ஒவ்வொன்றாகப் புதிதாக நிறுவுங்கள். குழுவில் வந்த அந்தச் செய்தியையும் அனுப்பியவரின் எண்ணையும் வேறொரு கைபேசியால் படம் எடுத்துவிட்டு அழிப்பது முக்கியம், புகாருக்கு அதுதான் சான்று. பட்டன் போனில் ##002# என்று அழுத்தி அழைத்தால், அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்ப யாரேனும் அமைத்து வைத்த கால் ஃபார்வர்டிங் நீங்கிவிடும். ஜிமெயில் போன்றவற்றின் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

பணம் போகாவிட்டாலும் சைபர்கிரைம்.ஜிஓவி.இன் தளத்தில் புகாரைப் பதிவு செய்யலாம். ஒரு ரூபாய் போனதாகத் தெரிந்தாலும் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் கணக்கு மாறி மாறிக் கைவிட்டுப் போகும் முன்பாக அதை நிறுத்திவைக்க இதுவே வழி. வங்கிக்கும் தனியாகத் தெரிவித்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும், அவர் புகார் தெரிவித்த பிறகு நேரும் இழப்பை வங்கியே ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை வகுத்திருக்கிறது. எனவே எத்தனை மணிக்குப் புகார் செய்தீர்கள் என்பதையும் குறித்து வைக்க வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாட்களும் விசைப்படகுகள் கரையில் நிற்க, வீட்டில் எல்லோரும் நிவாரணத் தொகையை எதிர்பார்த்திருக்கும் நேரம் பார்த்தே இந்தக் கோப்பு வருகிறது. அத்தொகை வங்கிக் கணக்கிற்கு நேரடியாக வருவது. அதைப் பெற வாட்ஸ்அப்பில் வரும் எந்தச் செயலியும் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலோ மீன்வளத்துறை அலுவலகத்திலோ நேரில் கேட்டுக்கொள்ளலாம்.

தந்தையாரைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தெரிந்தவரின் எண்ணிலிருந்து, ஊர்க் குழுவில் வந்ததை அவர் நம்பியதில் வியப்பில்லை. அனுப்பியவரின் கைபேசியும் இதே கோப்பால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். தந்தையாருடைய வாட்ஸ்அப்பிலிருந்தும் பிறருக்கு அது போயிருக்கலாம் என்பதால், இன்றே உங்கள் கைபேசியிலிருந்து குழுவில் ஒரு குரல் பதிவு போட்டு, அந்தக் கோப்பை யாரும் திறக்க வேண்டாம் என்றும், திறந்தவர்கள் உடனே வங்கியை அழைக்க வேண்டும் என்றும் தெரிவித்துவிடுங்கள்.